அவுக என்ன சொல்றாகன்னா

இயந்திரத்துக்குத் தமிழ் கேட்கக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. நாம் பேசினால் அது எழுத்தாக்க வேண்டும். எழுத்தைக் கொடுத்தால் பேச வேண்டும். பேச்சோடு படத்தையும் விரல் தொடுவதையும் சேர்த்துப் பார்த்து, ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கல்யாண வீடுகளில் விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் என் அம்மா சொல்வதையே நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் யார் கேட்டாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான். "அவ கம்ப்யூட்டருக்கு டியூசன் எடுக்கறாளுங்க." கேட்டவர்கள், "பரவால்லீங்க, நல்லாப் படிக்குதுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

நன்றாகப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. நான் வேலை பார்க்கும் கல்லூரி வாளையார் சாலையை ஒட்டி இருக்கிறது. ஒலிப்பதிவு அறை என்று ஒரு அறையைக் கேட்டு வாங்கி, சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, கதவிடுக்கில் துணி அடைத்து வைத்தேன். சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு என் ஸ்பாஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் முதலில் பழக்கிய இயந்திரம் தமிழைவிட ஏர்ஹாரனை நன்றாக அடையாளம் கண்டது. எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மாதங்களில் அது மூக்கிலேயே குடியிருந்தது.

மலைத் தோட்டங்களின் தமிழைப் பதிவு செய்யும் வேலை வந்தபோது, தப்பித்தோம் என்றுதான் கிளம்பினேன். கோயமுத்தூர், தேனி, போடி என்று பஸ் மாறி மாறிப் பூப்பாறையில் போய் இறங்கினேன். அங்கே வேறு விதமான தொல்லை. அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் மைக்கைக் கண்டதும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மிகவும் இரக்கப்பட்டு, மைக்கைப் பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் கொடுத்தாள். ஒரு ஜீப்பிலிருந்து மட்டும் ஒரு தலை நீண்டது.

"என்னத்தப் பேசணும் டீச்சர்? நெசத்தையா, பொய்யையா?"

எதுவானாலும் சரி என்றேன்.

"அப்ப ஏறுங்க."

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அது. அதை ஓட்டுகிறவர் வீடு சாந்தன்பாறையில். அந்த வருடம் நான் மலைக்குப் போன போதெல்லாம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மைக்கை அவர் சட்டைப் பையில் குத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே வருவேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். ஜீப்பைப் பின்னாலேயே ஓட்டி யானையிடமிருந்து தப்பிய கதையைப் பல முறை சொன்னார். முதலில் அது ஒற்றை யானை. அடுத்த முறை குட்டியோடு வந்தது. பிறகு கூட்டமே வந்துவிட்டது. நான் சிரித்தால், "நீங்க பொய்யும் பரவாயில்லன்னீங்களே," என்பார்.

யானைக்கு அடுத்தபடியாக அவர் பேசியது மகளைப் பற்றி. ஒரே மகள். நர்சிங் படித்து ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அவள் படிப்புக்காக அவர் எத்தனை நடை கூடுதலாக ஓடினார் என்பதைப் பெருமையாகச் சொல்வாரே தவிர, குறையாகச் சொன்னதில்லை. "எங்க தோட்டத்து லயத்துல இருந்து ஏரோப்ளேன் ஏறுன மொத ஆளு டீச்சர். நான் பூப்பாறைக்கும் போடிமெட்டுக்கும் நடுவுலயே சுத்திக்கிட்டு இருந்தேன். அவ கெளம்பிட்டா." இதைச் சொல்லும்போது கியரைக்கூட மெதுவாக மாற்றுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் மனைவி போன் செய்தார். அவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்துவிட்டார், உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கையும் காலும் சரியாக வரவில்லை, பேச்சு போய்விட்டது என்றார். நான் போய்ப் பார்த்தபோது பேச்சு போய்விடவில்லை. ஒலி நிறைய வந்தது, அது சொல்லாகத் திரளவில்லை. நினைவு பழையபடியே பளிச்சென்று இருந்தது. என்னைக் கண்டதும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், மைக் எங்கே என்று. நான் அழுதுவிடக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். அவரும் அழுதார். அவர் மனைவி காப்பியோடு வந்து, "இவுக இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் அப்படித்தான் டீச்சர். சிரிப்பு வந்தாலும் கோவம் வந்தாலும் மொதல்ல கண்ணீர்தான் வருது. அது நோயோட சேட்டைன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க காப்பியக் குடிங்க," என்றார்.

அந்த அம்மாளுக்கு அவர் பேசுவது முழுவதும் புரிந்தது. அவர் ஒரு நீண்ட ஒலியை எழுப்புவார். அம்மாள் நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி, "அவுக என்ன சொல்றாகன்னா," என்று ஆரம்பித்து அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்வார். வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கேட்டு, அம்மாளைப் பார்த்துப் பதில் வாங்கிப் போனார்கள். எழுதிக் காட்டலாமே என்று கேட்டேன். கையெழுத்தைத் தவிர வேறு எழுதிப் பழகாத மனிதர். அந்தக் கையெழுத்துப் போட்ட வலது கையும் மடியில் கிடந்தது.

நான் யோசித்துச் செய்கிற ஆள் இல்லை. அங்கேயே, அப்போதே, "உங்களுக்கு நான் ஒரு வாய் செஞ்சு தர்றேனுங்க," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். ஆனால் முடியாத காரியம் இல்லை. இப்போது அவர் எழுப்பும் ஒலியையும் அதன் பொருளையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்தால் இயந்திரம் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதைத் திருப்பிச் சொல்ல அவருடைய பழைய குரல் வேண்டும். அது என்னிடம் மணிக்கணக்கில் இருந்தது, யானைக் கூட்டத்தோடு.

"மொதல்ல யார்கிட்ட, என்ன பேசணுங்க?" என்று கேட்டேன்.

அவர் இடது கையைச் சுவரில் இருந்த மகளின் படத்துக்கு நேராக நீட்டினார். பிறகு நிறையப் பேசினார். நாற்காலியின் கையை அடித்து அடித்துப் பேசினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அவுக என்ன சொல்றாகன்னா," என்றார் அம்மாள், "மகளோட பேசணுமாம். எப்ப வருவன்னு அவுக வாயாலயே கேக்கணுமாம். அதே நெனப்புத்தான் எந்நேரமும்."

மகளுக்கும் அதே நினைப்பு என்று தெரிந்தது. அவளுடைய வேலை நிரந்தரமாகும் நேரம் அது. கிறிஸ்துமஸுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், அப்பா உன்னை வரச் சொல்கிறார் என்று கேட்டுக் கேட்டு, போடாமலேயே வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மாள் இதை என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவள் முடிவெடுப்பதற்குள் அப்பா அவளிடம் ஒரு தடவையாவது நேராகப் பேசிவிட வேண்டும் என்று நான் என் மனதுக்குள் கெடு வைத்துக்கொண்டேன்.

பதிவு ஆரம்பமானது. சனிக்கிழமைகளில் நானே போனேன். மற்ற நாட்களில் அம்மாளே ரெக்கார்டரைப் போட்டு வைத்தார், ஞாயிற்றுக்கிழமை போன் பேசும் நேரத்திலும் சேர்த்து. மகளும் சரி என்று சொல்லியிருந்தாள். ஆய்வு முறைப்படி, பதிவின்போது அறையில் ஒருவர் குரல்தான் இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவர் சாந்தன்பாறைக்கு வந்ததில்லை. நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் பதில் சொல்வார். அம்மாள் விட்டதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். "உங்களுக்கு என்ன கறி பிடிக்கும்?" என்று கேட்டால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கூட, "மாட்டுக்கறியும் கப்பக்கெழங்கும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். நோயாளிக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று அத்தனை பேருக்கும் அக்கறை. எரிந்து விழுந்தேன், கும்பிட்டுக் கேட்டேன், வாயில் விரல் வைத்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னார்கள்.

சில வாரங்கள் கழித்து, கிடைத்ததை வைத்து இயந்திரத்தைப் பழக்கிப் பார்த்தோம். எழுத்துகள் அருமையாக வந்தன. நான் துள்ளிக் குதித்தேன். என்னோடு வேலை செய்பவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "மேடம், உங்க ஜீப்புக்காரரு நல்லாத் தெளிவாப் பேசறாருங்களே. ஆனா, குரல் கொஞ்சம் பொம்பளக் குரலாட்ட இருக்குதுங்க," என்றார். இயந்திரம் படித்திருந்தது அம்மாளின் பேச்சை. ஜீப்புக்காரர் பேசிய இடத்தையெல்லாம் இரைச்சல் என்று ஒதுக்கித் தள்ளியிருந்தது, வாளையார் லாரியைத் தள்ளுவது மாதிரி.

அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வேலையை விட்டுவிட்டு நிஜமாகவே பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புளிச்சோறு பாதி போனபோதுதான் உறைத்தது. அவர் ஒரு ஒலி எழுப்புகிறார். அடுத்த நிமிடமே அம்மாள் அதன் பொருளைத் தெளிவாகச் சொல்கிறார். ஒலி, பொருள், ஒலி, பொருள். நான் எதற்காக மலைக்கும் சமவெளிக்கும் அலைந்தேனோ, அந்த ஜோடிகள் வரிசையாக அங்கே இருந்தன. அம்மாள் வாயை மூடியிருந்தால்தான் கெட்டிருக்கும். கை கழுவாமலே ஓடினேன். இரண்டு குரலையும் பிரித்தோம். அவர் குரலை ஒரு பக்கமும் அம்மாள் குரலை மறுபக்கமும் வைத்து, இதற்கு இதுதான் பொருள் என்று மறுபடி பழக்கினோம்.

இதோடு படங்களும் சேர்ந்தன. அவர் ஒலி தெளிவில்லாதபோது, இயந்திரத்தை ஏற்றி நான் அவர் மடியில் வைத்த டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அதற்குத் துப்புக் கிடைக்கும். படத்தைத் தொட்டுக்கொண்டு பேசினால் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளும். நான் முதலில் போட்டுக் கொடுத்த காப்பிப் படத்தில் வெள்ளைக் கோப்பையும் தட்டும் இருந்தன. அவர் அதைத் தொடவே மறுத்தார். அம்மாள் தங்கள் வீட்டுக் கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். அதைப் படம் எடுத்துப் போட்ட பிறகு ஒரு நாளைக்குப் பல முறை தொட ஆரம்பித்தார். கோழி, கட்டில், சர்ச், ஜீப் எல்லாம் அவர் வீட்டுடையதே ஆயின. ஜீப் பஞ்சாயத்து ரோட்டோரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதைப் படம் எடுக்கும்போது தார்ப்பாயை விலக்கச் சொல்லி ஒலி எழுப்பினார். அம்மாள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அவர் குரலைச் செய்ததில் மட்டும் ஒரு வேடிக்கை. பழைய பதிவு எல்லாமே ஓடும் ஜீப்பில் எடுத்தது. எவ்வளவு வடிகட்டியும் இன்ஜின் சத்தம் முழுசாகப் போகவில்லை. இயந்திரம் அவர் குரலில் "வெந்நி வேணும்," என்று சொன்னால், இரண்டாம் கியரில் மேடு ஏறிக்கொண்டே கேட்பது போல இருக்கும். நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வாய் கோணச் சிரித்து, திரும்பத் திரும்ப வெந்நீர் கேட்டார். அம்மாள் முதல் தடவை கேட்டபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெந்நீரோடு வந்தார்.

காப்பி, வெந்நீர், ரேடியோ, "மழை வருது துணிய எடு" எல்லாம் நன்றாக வந்தன. ஒரே ஒரு விஷயத்தில் இயந்திரம் அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசும் நேரத்தில்தான் அந்தத் தகராறு. அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது முற்றத்து ஓரத்துப் பலாமரத்தடியில் மட்டும். வீடியோவுக்கெல்லாம் அது போதாது, குரல் வந்தாலே அதிர்ஷ்டம். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு அங்கே கொண்டுபோய் வைத்து, போனை ஸ்பீக்கரில் போடுவார்கள். அவர் பேசுவார். அம்மாள், "அப்பா உன்னய வந்துருன்னு சொல்றாக பாப்பா," என்பார். அந்த இடத்தில் பொருள் "வா" என்று நான் கொடுத்தால், இயந்திரம் "வேண்டாம்" என்று எழுதியது. திருத்தினேன். மறுபடியும் வேண்டாம். கணக்கை மாற்றினேன், பழக்கும் முறையை மாற்றினேன், கூட வேலை செய்பவரைத் திட்டினேன். வேண்டாம், வேண்டாம். வாரக்கணக்கில் அந்த முட்டாள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன். இதற்குள் நவம்பர் முடியப் போனது. மகள் வேலையை விடும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டாள், இன்னும் கொடுக்கவில்லை என்று அம்மாள் சொன்னார்.

அப்படி ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், நீண்ட ஜெபக்காரர். டேப்லெட்டைப் பார்த்து வியந்து, அதற்காகவும் சேர்த்து ஜெபித்தார். ஜீப்புக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மலைக் காற்று ஈரமாக வந்துகொண்டிருந்தது. அவரால் நெடுநேரம் உட்கார முடியாது. ஆமென் சொன்ன பிறகு பாஸ்டர் கனிவாகக் கேட்டார். "பிரதர், உங்க கைக்காகத் தனியா ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

அவர் ஒலி எழுப்பினார்.

"அவுக என்ன சொல்றாகன்னா, தாராளமாப் பண்ணுங்கங்கறாக," என்றார் அம்மாள்.

டேப்லெட், இரண்டாம் கியரில், "வேண்டாம்," என்றது.

அம்மாள் எட்டி முந்தானையால் அதன் வாயை மூடினார். அதற்கு வாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததால் திரையை மூடினார். "வேண்டாம்," என்றது மறுபடி. ஜீப்புக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டார். "கர்த்தருக்குச் சின்ன ஜெபமும் கேக்கும்," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. இயந்திரம் தப்பு செய்யவில்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. காப்பி வேண்டாம் என்று அவர் தள்ளும்போது வரும் அதே ஒலிதான் அது.

ஹெட்போனை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனேன். அதுவரை அந்தப் பதிவுகளை நான் எண்களாகத்தான் பார்த்திருக்கிறேன். காதால் கேட்பது இயந்திரத்தின் வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். இத்தனை மாதம் பழகியதில் எனக்கும் அவர் ஒலி பிடிபட்டிருந்தது. வேண்டாம். வராத. இரு. ஒவ்வொரு வாரமும், தொண்டை நரம்பு புடைக்க, அதையேதான் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாரமும் அதன் பின்னாலேயே அம்மாளின் குரல். அப்பா உன்னய வந்துருங்கறாக. அந்த முனையிலிருந்து மகள், "அழாதீங்கப்பா, வந்துர்றேன்பா." அவர் இன்னும் பலமாக, வேண்டாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகப் போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் எழுந்தேன். அம்மாள் கிணற்றடியில் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரு முனையைக் குழாயில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைத் தனியாகவே முறுக்கினார். ராத்திரியும் பகலும் அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, வந்தவர்களுக்கெல்லாம் அவருக்கு வாயாகவும் இருந்து, அந்தப் பெண்ணின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் பிழிந்தோம். என் கோபம் தண்ணீரோடு போய்விட்டது. என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

நானே மகளுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லலாம். ஆனால், இந்த மனிதருக்கு இப்போதே ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் போய் நிற்க விருப்பமில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு மதியம் அம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, டேப்லெட்டில் இரண்டு படங்களைப் புதிதாகப் போட்டேன். ஒன்று அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடி மகள் எடுத்துக்கொண்டது. மற்றது ஆஸ்பத்திரி வாசலில், வேலை உடுப்பில். "மகள் எங்க இருக்கணுங்க?" என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். எத்தனையோ மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. ஆஸ்பத்திரிப் படத்தின்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. "பேசுங்க," என்றேன். பேசினார். படத்தையும் ஒலியையும் சேர்த்து இயந்திரத்துக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக, அவர் சரி என்று கண்ணை மூடித் திறக்கும் வரை விடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவரே கோழிப் படத்துக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார். யானைக் கதை சொல்லும்போது இருக்கும் அதே திருட்டு முகம்.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் நாற்காலி பலாமரத்தடிக்குப் போனது. மகள் கூப்பிட்டாள். அம்மாள் நலம் விசாரித்து, மழையைச் சொல்லி, கோழி குஞ்சு பொரித்ததைச் சொன்னார். மகள் சொன்னாள், "அம்மா, நாளைக்கு அந்த லெட்டரக் குடுத்துரலாம்னு இருக்கேன். அப்பாகிட்டச் சொல்லிருங்க."

ஜீப்புக்காரர் ஆஸ்பத்திரிப் படத்தைத் தொட்டார். பேசினார். டேப்லெட் சற்றுத் தயங்கியது. பிறகு, மேடேறும் ஜீப்பின் சத்தத்தோடு அவருடைய பழைய குரல் வந்தது.

"வேண்டாம் புள்ள. நீ வராத. அங்கனயே இரு. வேலைய விடாத."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "அப்பா?" என்றாள். "அப்பா, இது நீங்களா பேசுறீங்க?"

அவர் மறுபடி தொட்டார். "அங்கனயே இரு. நீ போனதுதான் எனக்குச் சந்தோசம்."

"அப்ப இத்தன நாளா வரச் சொன்னீங்களே?"

பழக்கம் விடுமா? அம்மாள் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். "அப்பா என்ன சொல்றாகன்னா," என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றார். கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இயந்திரம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே.

"வரச் சொன்னது நாந்தான் பாப்பா," என்றார். "எனக்குத்தான் உன்னயப் பாக்கணும்."

"அத நீங்களே கேட்டிருக்கலாமேம்மா."

"நாங்கேட்டா, வேலை இருக்கும்மான்னுருவ. அப்பா கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டேல்ல?"

அந்தப் பக்கம் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்னயப் பாக்குறதுக்கு லீவு போட்டாப் போதும்மா. வேலைய எதுக்கு விடணும்? கையெழுத்துப் போட்டாத்தான் லீவே தருவாங்க," என்றாள். போட்டுவிட்டு ஜனவரியில் ஒரு மாத லீவில் வருவதாகவும், வந்ததும் அம்மாளைக் கட்டிலில் படுக்கவைத்து அப்பாவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அதுவரைக்கும் காலையில் வந்து ஒத்தாசை செய்ய ஒரு ஆளைப் போட வேண்டும் என்று நர்ஸ் குரலில் உத்தரவும் போட்டாள். அம்மாள் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். போன் அணைந்தது.

அம்மாள் நாற்காலிக்கு முன்னால் வந்து, மண்ணிலேயே உட்கார்ந்தார். மாதக்கணக்கில் அந்த அம்மாள் கணவருக்குப் பின்னால் நின்றுதான் நான் பார்த்திருக்கிறேன். தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தார்.

அப்போது ஜீப்புக்காரர் மெதுவாக ஏதோ சொன்னார். சின்னதாகத்தான் சொன்னார். எந்தப் படத்தையும் தொடவில்லை. நான் டேப்லெட்டைப் பார்த்தேன். திரை வெறுமையாக இருந்தது. அந்த ஒலியை அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும் பிடிபடவில்லை. அம்மாளுக்கு முகம் சிவந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க," என்று அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

தொழில் புத்தி என்னை விடவில்லை. "என்ன சொல்றாருங்க?" என்று கேட்டேன்.

அம்மாள் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"அது எனக்குச் சொன்னது டீச்சர்," என்றார்.